கையை முறித்த கிராங்கும் 6 வோல்ட் பேட்டரியும்

ர்ர்ர்ர்... ர்ர்ர்... ர்ர்... க்ளக்.

விதைப்பு நேரத்துல இந்த சத்தத்தைக் கேட்டா எந்த ஊர் விவசாயிக்கும் வயித்துல புளியைக் கரைக்கும். நம்ம பக்கம் "செல்ஃப் இழுக்க மாட்டேங்குது"ன்னு சொல்வோம். இஞ்சின் சுத்துது, ஆனா தூக்கத்துல நடக்குறவன் மாதிரி சுத்துது. அடுத்தது என்ன? பேட்டரிக்காரனுக்கு போன்.

இன்னிக்கு நான் எழுதப்போறது நம்ம ஊர் வண்டி பத்தி இல்லீங்க. அமெரிக்காவுல 1939லிருந்து 1952 வரைக்கும் ஃபோர்டு கம்பெனி செஞ்ச 9என், 2என், 8என் டிராக்டர்கள் பத்தி. எழுபது வருஷம் தாண்டியும் அங்கே நிறைய பண்ணைகள்ல இன்னும் ஓடிட்டிருக்கு. தாத்தா ஓட்டினதை பேரன் ஓட்டுறான். இந்த வண்டிகளுக்கு வர்ற வியாதிகள்ல முக்கியமானது இந்த மெதுவா சுத்துற வியாதி தான். அதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியமும் ஒண்ணே தான்: "6 வோல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு 12 வோல்ட்டுக்கு மாத்து".

எனக்கு இந்த வைத்தியத்துல உடன்பாடு இல்லை. 6 வோல்ட்டுலயே அந்த வண்டி புதுசுல ஒழுங்காத் தானே ஸ்டார்ட் ஆச்சு? மினசோட்டா குளிர்லயும் ஆச்சே? அப்புறம் ஏன் இப்ப ஆகலை? இதுக்குப் பதில் வேணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். செல்ஃப்னு ஒண்ணே இல்லாத காலத்துக்கு.

அப்பல்லாம் இஞ்சின் முன்னாடி ஒரு ஓட்டை. அதுல வளைஞ்ச இரும்புக் கம்பியை மாட்டி கையால சுத்தணும். அது தான் கிராங்க். சுத்துறதுல பெரிய கஷ்டம் பலம் இல்லை, பயம். பெட்ரோல் இஞ்சின்ல பிஸ்டன் உச்சிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் அடிக்கும். வேகமா ஓடும்போது அது சரியான கணக்கு, ஏன்னா எரிஞ்சு முடிக்க நேரம் வேணுமில்லையா. ஆனா கையால மெதுவா சுத்தும்போது அதே இடத்துல ஸ்பார்க் அடிச்சா, பிஸ்டன் உச்சியைத் தாண்டுறதுக்குள்ள வெடிப்பு வந்து அதைத் திருப்பி கீழே தள்ளும். கம்பி தலைகீழா சுத்தும். உங்க கை அதுல இருக்கும்.

அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ளி வைக்கணும். கட்டைவிரலை கம்பிக்கு மறுபக்கம் சுத்திப் பிடிக்கக்கூடாது, மத்த நாலு விரலோட சேத்தே வைக்கணும். கம்பியை மேல் பக்கமா இழுக்கணும், கீழ் பக்கமா அமுக்கக் கூடாது. இதெல்லாம் அந்தக் காலத்துல அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். மறந்தவனுக்கு மணிக்கட்டு போச்சு. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு எலும்பு முறியறதுக்கு டாக்டர்கள் 'ஷோஃபர் முறிவு'ன்னே பேர் வச்சுட்டாங்க. ஷோஃபர்னா கார் டிரைவர். கிராங்க் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தப் பேர் மட்டும் இன்னும் எலும்பு மருத்துவப் புத்தகங்கள்ல இருக்கு.

கார்க்காரனுக்கு கை முறிஞ்சா ஆபீசுக்கு லீவு. விவசாயிக்கு கை முறிஞ்சா அந்த வருஷ வெள்ளாமையே போச்சு. அப்படியிருந்தும் டிராக்டர்காரங்க தான் கிராங்கோட ரொம்ப காலம் மல்லுக்கட்டினாங்க. ஹென்றி ஃபோர்டு 1917ல கொண்டு வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்ல பேட்டரியே கிடையாது. குளிர்ல எண்ணெய் கெட்டியாயிட்டா அதைச் சுத்துறதுக்கு ஒரு ஆள் பத்தாது. ஜான் டீர் கம்பெனி 1923ல கொண்டு வந்த 'டி' மாடல்ல கிராங்க் கூட இல்லை. பக்கவாட்டுல பெரிய ஃப்ளைவீல் இருக்கும். அழுத்தம் வெளியேற சின்னக் குழாய்களைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சக்கரத்தைக் கையால பிடிச்சு சுண்டணும்.

ஐரோப்பாவுல கூத்து இன்னும் பெருசு. ஜெர்மனியில 1921ல வந்த லான்ஸ் புல்டாக்ல ஒரே ஒரு சிலிண்டர். அதோட மண்டையை ஊதுவிளக்கு வச்சு பழுக்கக் காய்ச்சணும். அப்புறம் ஸ்டியரிங் சக்கரத்தை தண்டோட உருவி எடுத்து, அதையே ஃப்ளைவீல்ல சொருகி சுத்தி ஸ்டார்ட் பண்ணணும்! (ஸ்டார்ட் ஆனதும் மறக்காம திரும்ப மாட்டிக்கணும் :-)) இங்கிலாந்துல 1945க்கு அப்புறம் வந்த ஃபீல்டு மார்ஷலுக்கு துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒண்ணு. சொருகிட்டு சுத்தியலால ஒரு போடு, டமால், இஞ்சின் ஓடும். கேட்டர்பில்லர் 1931ல டீசல் டிராக்டர் கொண்டு வந்தப்போ, பெரிய இஞ்சினைச் சுத்துறதுக்குன்னே ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஒண்ணைப் பக்கத்துல வச்சாங்க. மொதல்ல குட்டியை ஸ்டார்ட் பண்ணி, குட்டியை வச்சு தாயை எழுப்பணும்.

இத்தனை கூத்தும் எதுக்கு? ஒரு இஞ்சின் தானா ஓட ஆரம்பிக்கணும்னா ஒரு குறைஞ்சபட்ச வேகம் வேணும். அந்த வேகத்தை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாகணும். அவ்வளவு தான் விஷயம்.

கார்கள்ல இதுக்கு விடை கண்டுபிடிச்சவர் சார்லஸ் கெட்டரிங். ஓஹியோ மாநிலம் டேட்டன்காரர். இவர் அதுக்கு முன்னாடி வேலை பார்த்தது கல்லாப்பெட்டி செய்யற கம்பெனியில. நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்! அங்கே கல்லாப்பெட்டிக்கு கரண்ட் மோட்டார் வச்சவர் இவர். அந்த வேலையில அவர் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணு: கல்லாவுக்கு மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி பலமா இழுத்தா போதும். கொஞ்ச நேரத்துக்கு மட்டும்னா ஒரு சின்ன மோட்டாரைக் கசக்கிப் பிழியலாம், சூடாகிக் கருகறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

கார் இஞ்சினைச் சுத்த காரளவு மோட்டார் வேணும், அதை எங்கே வைக்கறதுன்னு மத்தவங்க குழம்பிட்டிருந்தப்போ இவருக்கு அந்தக் கல்லாப்பெட்டி ஞாபகம் உதவிச்சு. 1911ல காடிலாக் கம்பெனிக்கு செஞ்சு காட்டினார், 1912 மாடல்ல வந்துடுச்சு. அப்புறம் இன்னும் நிறையப் பெண்கள் தைரியமா தனியா கார் எடுத்துக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க.

இதுல ஒரு ரகசியம் ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? செல்ஃப் மோட்டார் பிறக்கும்போதே 'கொஞ்ச நேரத்துக்கு தம் கட்டி இழு'ன்னு செஞ்ச மோட்டார். அதுக்குத் தேவையான கரண்ட் அதுக்கு முழுசாப் போய்ச் சேரணும். வழியில கொஞ்சம் திருடு போனாலும் தாங்காது. இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில வருவோம்.

டிராக்டர் கதைக்குத் திரும்பலாம். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1938 அக்டோபர்ல தன் டிராக்டரைக் கப்பல்ல ஏத்திக்கிட்டு ஹென்றி ஃபோர்டைப் பார்க்க டியர்பர்னுக்கு வந்தார். கலப்பையை டிராக்டரோட மூணு இடத்துல இணைச்சு ஹைட்ராலிக்ல தூக்குற அமைப்பு அவரோடது. இன்னிக்கு உலகத்துல பெரும்பாலான டிராக்டர் பின்னாடி இருக்கறது அதோட வாரிசு தான். ஃபோர்டு பார்த்தார், பிடிச்சிருந்தது, கை குலுக்கினாங்க. எழுத்துல ஒப்பந்தம் எதுவும் இல்லை! ரெண்டு பெரிய மனுஷங்க, ஒரு கைகுலுக்கல், முடிஞ்சது.

அடுத்த வருஷம் ஜூன்ல 9என் வெளியே வந்தது. விலை 585 டாலர். நாலு சிலிண்டர், ரெண்டு லிட்டர் பெட்ரோல் இஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட்டர் விலையோட சேர்ந்தே. ஒரு எட்டு வயசுப் பையனை உக்கார வச்சு உழுது காட்டினாங்க. எட்டு வயசுப் பையன் ஃபோர்ட்சனை கிராங்க் போட்டு ஸ்டார்ட் பண்ண முடியுமா? டிராக்டர்ங்கறது முரட்டு ஆம்பளையோட வேலைங்கற காலம் அங்கே முடிஞ்சது. ஹைட்ராலிக்கைப் பத்தி பக்கம் பக்கமா எழுதறவங்க செல்ஃபைப் பத்தி ஒரு வரியோட விட்டுடறாங்க. அது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது.

அப்புறம் யுத்தம் வந்துச்சு. செம்பு, ரப்பர் எல்லாம் ராணுவத்துக்கு. 1942ல ஃபோர்டு 2என்னு பேர் மாத்தி ஒரு வண்டியை விட்டாங்க. ரப்பர் டயருக்குப் பதிலா இரும்புச் சக்கரம். பேட்டரி இல்லை, டைனமோ இல்லை, செல்ஃப் இல்லை. மறுபடியும் மேக்னெட்டோ, மறுபடியும் கிராங்க். மூணே வருஷம் பட்டனை அமுக்கிப் பழகின கை, திரும்பவும் கம்பியைப் பிடிக்க வேண்டியதாச்சு. அதுவும் வலுவான இளவட்டங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போயிருந்த நேரத்துல! சாமான் தட்டுப்பாடு குறைஞ்சதும் பேட்டரியும் டயரும் திரும்பி வந்துச்சு.

1947ல 8என் வந்தது. 1952 வரைக்கும் 5 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. ஸ்டார்ட்டர் பட்டன் கியர் பக்கத்துல இருக்கும். நியூட்ரல்ல இருந்தா தான் வேலை செய்யும், கியர்ல இருந்தா கல்லு மாதிரி சும்மா இருக்கும். நல்ல யோசனை. இந்த 8என் தான் இன்னிக்கு 'மெதுவா சுத்துது' புகார்ல முதல் குற்றவாளி.

இப்ப கணக்குக்கு வருவோம். (பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்கு தான்.)

மாடியில இருக்கற தண்ணித் தொட்டியை நினைச்சுக்குங்க. தொட்டி உயரமா இருந்தா குழாய் ஒல்லியா இருந்தாலும் தண்ணி வேகமா வரும். தொட்டி தாழ்வா இருந்தா குழாய் தடிமனா இருக்கணும், உள்ளே பாசி இருக்கக்கூடாது. 6 வோல்ட்டுங்கறது தாழ்வான தொட்டி. செல்ஃப் மோட்டார் 1200 வாட் கேக்குதுன்னு வச்சுக்குவோம். 12 வோல்ட்டுல 100 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டுல 200 ஆம்பியர் ஓடணும்.

இப்ப வழியில எங்கேயோ ஒரு துருப்பிடிச்ச இணைப்பு, 0.005 ஓம் தடை. ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு எண். 12 வோல்ட்டுல அது அரை வோல்ட்டைத் திங்கும், அதாவது இருபத்து நாலுல ஒரு பங்கு. யாருக்கும் தெரியவே தெரியாது. 6 வோல்ட்டுல அதே இணைப்பு ஒரு முழு வோல்ட்டைத் தின்னுடும். ஆறுல ஒரு பங்கு அம்போ! அதே துரு, நாலு மடங்கு நஷ்டம்.

இன்னொண்ணும் இருக்கு. இந்த வண்டியில ஸ்பார்க்குக்கும் அதே பேட்டரி தான். செல்ஃப் திணறி பேட்டரியை 4 வோல்ட்டுக்கு இழுத்துட்டா, காயிலுக்கும் கிடைக்கறது அந்த 4 தான். இஞ்சின் மெதுவா சுத்தற அதே நேரத்துல ஸ்பார்க்கும் சோம்பிப் போயிடும். மேக்னெட்டோ வண்டியில இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரு ஸ்பிரிங் அமைப்பு, மெதுவா சுத்தினாலும் மேக்னெட்டோவை மட்டும் 'டக்'னு சுண்டி விட்டு நல்ல ஸ்பார்க் கொடுத்துடும். அந்த வகையில கிராங்க் போட்ட தாத்தா கொடுத்து வச்சவர்.

அப்ப 8என் வண்டிக்கு என்ன ஆச்சு? ஃபேக்டரியிலிருந்து வந்தப்போ கட்டைவிரல் தடிமனுக்கு கேபிள் போட்டிருந்தாங்க. அது இருபது வருஷத்துல நைஞ்சு போச்சு. விவசாயி கடைக்குப் போய் 'பேட்டரி கேபிள் கொடுப்பா'ன்னார். அதுக்குள்ள உலகம் மாறியிருந்தது. 1950கள் நடுவுல அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குப் போயாச்சு, கடையில தொங்கினது 12 வோல்ட் காருக்கான ஒல்லிக் கேபிள். பார்க்கப் புதுசு, பளபளன்னு இருக்கு, நீளமும் சரி. மாட்டிட்டார். பழைய தடிக் கேபிளோட ஒப்பிட்டா அதுல அஞ்சு மடங்கு தடை. அன்னியிலிருந்து வண்டி மெதுவா சுத்துது. பழி பேட்டரி மேல. என்னைக் கேட்டா இந்த வியாதிக்குப் பாதிக் காரணம் இயந்திரம் இல்லை, கடை அலமாரி.

கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம், ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்க காயில் இணைப்பைக் கழட்டிடுங்க. நியூட்ரல்ல இருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி கொம்புல வைங்க. கவனம், கிளாம்புல இல்லை, கொம்புலயே. இன்னொரு முனையை செல்ஃப் மோட்டார் போல்ட்ல வைங்க. ஒருத்தர் பட்டனை அமுக்கட்டும். மீட்டர் காட்டற எண் தான் வழியில திருடு போற வோல்ட். கால் வோல்ட்டுக்குள்ள இருந்தா பரவாயில்லை. ஒரு வோல்ட் காட்டினா திருடன் அந்தப் பக்கம் தான். அப்புறம் ஒவ்வொரு இணைப்பா சுருக்கிக்கிட்டே வந்தா கையும் களவுமா மாட்டிப்பான். பட்டனை அமுக்காம அளந்தா ஒண்ணும் தெரியாதுங்க. கரண்ட் ஓடினா தான் திருட்டு நடக்கும்.

எர்த் பக்கத்தையும் இதே மாதிரி, பேட்டரியோட அடுத்த கொம்புக்கும் செல்ஃப் மோட்டாரோட உடம்புக்கும் நடுவுல அளக்கணும். பெரும்பாலும் திருடன் இங்கே தான். ஏன்னா ஒவ்வொரு தலைமுறையும் தாத்தா வண்டிக்குப் பாசமா பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, எர்த் போல்ட் மேலயும் சேர்த்து. வண்டி ஜம்முனு இருக்கும், கரண்ட் பெயிண்டைத் தாண்ட முடியாம நிக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு மாட்டுங்க.

ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தும் மெதுவா சுத்தினா, பேட்டரி கொம்பு ரெண்டுக்கும் நடுவுல அளங்க. முழு சார்ஜ்ல சும்மா இருக்கும்போது 6.3 வோல்ட் காட்டணும். சுத்தும்போது 5க்குப் பக்கத்துல நின்னா பேட்டரி நல்லது. சரசரன்னு 4க்கு இறங்கினா ஒண்ணு பேட்டரி காலி, இல்லே மோட்டார் அளவுக்கு மீறி இழுக்குது. மோட்டார் உள்ளே புஷ் தேஞ்சு போனா ஆர்மேச்சர் சாய்ஞ்சு, சுத்தியிருக்கற இரும்புல உரசும். அப்ப கரண்ட் நிறையப் போகும், வேகம் மட்டும் வராது. கார்பன் தேஞ்சிருந்தா நேர் எதிர், கரண்டே போகாது.

இஞ்சினே இறுக்கமான்னு பார்க்கணுமா? ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு கையால சுத்திப் பாருங்க. கிராங்க் மாட்ட இதுல முன்னாடி இடம் இருக்கு. பனிக்காலத்துல மட்டும் வர்ற வியாதின்னா எண்ணெயைப் பாருங்க. கோடைக்குப் போட்ட கெட்டி எண்ணெய் பனியில வெல்லப்பாகு மாதிரி ஆயிடும், அதே நேரத்துல பேட்டரியோட பலமும் பாதிக்குக் கீழ போயிடும். கிளட்சை மிதிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினா கியர்பாக்ஸ் எண்ணெயையும் சேர்த்துக் கலக்கற வேலை மிச்சம்.

இது எதையும் பார்க்காம 12 வோல்ட் பேட்டரியை வச்சா என்ன ஆகும்? சூப்பரா சுத்தும். அது தான் பிரச்சினையே. பழைய 6 வோல்ட் மோட்டாரோட பல், ஃப்ளைவீல் பல்லுல சம்மட்டி அடி மாதிரி போய் இடிக்கும். துருப்பிடிச்ச எர்த் அங்கேயே அப்படியே இருக்கும், இன்னும் சில வருஷம் கழிச்சு '12 வோல்ட்டும் மெதுவா சுத்துதே'ன்னு கேக்க வைக்கும்.

அந்தக் கைகுலுக்கல் என்னாச்சுன்னு கேப்பீங்களே. ஹென்றி ஃபோர்டோட பேரன் பொறுப்புக்கு வந்ததும் ஃபெர்குசனைக் கழட்டி விட்டார். அந்தப் பிரிவுல பிறந்தது தான் 8என். ஃபெர்குசன் 1948ல 25 கோடி டாலருக்கு மேல கேட்டு வழக்குப் போட்டார், 1952ல 92.5 லட்சம் டாலர்ல சமாதானம் ஆச்சு. இதுக்கு நடுவுல 1946லயே இங்கிலாந்துல கோவென்ட்ரியில டிஇ20ன்னு சொந்த டிராக்டரை ஆரம்பிச்சுட்டார். அதுல செல்ஃபுக்குத் தனி பட்டனே கிடையாது. கியர் கம்பியை 'எஸ்'ங்கற இடத்துக்குத் தள்ளினா தான் செல்ஃப் இழுக்கும். கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி ஆளை ஏத்திடற பேச்சுக்கே இடமில்லை.

1953ல அவர் கம்பெனி கனடாவோட மாஸி-ஹாரிஸ்ல சேர்ந்து, 1958ல மாஸி ஃபெர்குசன் ஆச்சு. 1960ல சென்னையில டாஃபே தொடங்கினது அவங்களோட கூட்டுல தான். நம்ம ஊர் வயல்ல ஓடற மாஸிக்கும் அந்த 9என்னுக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு. ஆனா நம்ம வண்டி டீசல். ஸ்பார்க்கே கிடையாது, காத்தை அமுக்கற சூட்டுல தான் பத்திக்கணும். மெதுவா சுத்தினா அந்தச் சூடு சிலிண்டர் சுவர்ல போயிடும், காத்தும் ரிங் வழியாக் கசிஞ்சிடும். அதனால பெட்ரோல் வண்டியை விட டீசலுக்கு இந்த வேகம் இன்னும் முக்கியம். மீட்டர் வச்சுப் பார்க்கற முறை அதே தான். 12 வோல்ட்டுங்கறதால அரை வோல்ட் வரைக்கும் மன்னிக்கலாம்.

கொசுறு: 8என்ல பேட்டரியோட பாசிட்டிவ் தான் எர்த். இது தெரியாம மாத்தி மாட்டிட்டா செல்ஃப் தலைகீழா சுத்தும்னு நிறைய பேர் நம்பறாங்க. சுத்தாது. அது சீரிஸ் மோட்டார். காந்தச் சுருளுக்கும் ஆர்மேச்சருக்கும் ரெண்டுக்குமே கரண்ட் திசை மாறறதால சுத்தற திசை மாறாது. டைனமோவும் அம்மீட்டரும் தான் குழம்பும்.